களி கொடுத்த சேந்தனார்

மார்கழி பிறந்தாச்சு. விடிகாலையில வாசல் தெளிச்சு கோலம் போட்டு, சாணி உருண்டையில பறங்கிப்பூ சொருகி வைக்கிற மாசம். நம்ம ஊருக்கு இந்த மாசம்னாலே திருவாதிரைதான். அன்னைக்கு எல்லார் வீட்டுலயும் களி கிண்டுவாங்க. ஏன் களி? பொங்கல் வைக்கலாம், பாயசம் வைக்கலாம். களி எதுக்குன்னு எங்க ஆயாகிட்ட கேட்டேன். அதுக்குக் காரணம் சேந்தனார்னு சொன்னாங்க. அவர் கதையைத்தான் இந்தத் தடவை எழுதறேன்.

சேந்தனார் ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாடி வாழ்ந்தவர். சீர்காழிப் பக்கம் நாங்கூர்ல பிறந்தவர்னு சொல்லுவாங்க. காவிரிப்பூம்பட்டினத்துல பட்டினத்தார்னு பெரிய வணிகர் இருந்தாரே, அவர்கிட்ட இவர் கணக்குப்பிள்ளையா இருந்தாராம். பட்டினத்தார் எல்லாத்தையும் விட்டுட்டுத் துறவியா போனப்ப, கஜானாவுல இருக்கறதை ஏழைங்க எடுத்துக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டார். சேந்தனாரும் அப்படியே திறந்து விட்டுட்டார். சொந்தக்காரங்க அரசர்கிட்ட போய் புகார் சொல்லி, இவரை சிறையில போட்டுட்டாங்க. பட்டினத்தார் வந்து இறைவன்கிட்ட வேண்டின பிறகுதான் வெளியில வந்தாராம். அதுக்கப்புறம் மனைவியோட தில்லைக்கு, அதாவது நம்ம சிதம்பரத்துக்கு வந்து சேர்ந்தார்.

கோடிக் கணக்குல பணத்தை எண்ணினவர், இங்க வந்து என்ன வேலை பார்த்தார் தெரியுமா? விறகு வெட்டி வித்தார்! அதுல வர்ற காசுக்கு அரிசி வாங்கி, தினமும் ஒரு சிவனடியாருக்காவது சோறு போட்டுட்டுத்தான் தானும் சாப்பிடுவார். ஒரு நாள் கூட இதை விட்டதில்லை.

ஒரு தடவை விடாம மழை. நம்ம கடலூர் மாவட்டத்து மழையைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெட்டின விறகெல்லாம் நனைஞ்சு போச்சு. ஈர விறகை யார் வாங்குவாங்க? எங்க வீட்டுலயும் நாலு நாள் சேர்ந்தாப்ல மழை பெஞ்சா விறகு புகையும், எரியாது. அம்மா ஊதி ஊதி கண்ணு செவந்துடும். அதனால இந்த இடம் எனக்கு நல்லாவே புரிஞ்சுது. விறகு விக்கலைன்னா காசு இல்லை, காசு இல்லைன்னா அரிசி இல்லை. வீட்டுல கொஞ்சம் மாவு மட்டும் இருந்துச்சு. அதை வச்சுக் களி கிண்டிட்டு அடியாருக்காகக் காத்திருந்தாங்க. மழையில யாருமே வரலை. ராத்திரி ஆனப்புறம் ஒரு வயசானவர் நனைஞ்சுகிட்டே வந்து பசின்னு கேட்டார். இதைப் போய் எப்படிக் கொடுக்கறதுன்னு சேந்தனாருக்கு வெட்கமா இருந்திருக்கும்னு நினைக்கறேன். ஆனாலும் கொடுத்தார். வந்தவர் ருசிச்சு சாப்பிட்டுட்டு, மிச்சத்தையும் கட்டி வாங்கிட்டுப் போனாராம்.

மறுநாள் காலையில நடராஜர் சன்னதியைத் திறந்தா, உள்ள எங்க பார்த்தாலும் களி சிதறிக் கிடக்குது! தீட்சிதர்கள் பதறிப் போய் அரசருக்குச் சொல்லி அனுப்பினாங்க. ஆனா அரசர் கனவுல நடராஜரே வந்து, சேந்தன் வீட்டுக்குக் களி சாப்பிடப் போயிருந்ததா முன்னாடியே சொல்லிட்டாராம். அந்தச் சேந்தன் யாருன்னுதான் யாருக்கும் தெரியலை.

அப்புறம் தேர்த் திருவிழா. மழையில வீதியெல்லாம் சேறு. தேர்ச் சக்கரம் அழுந்திடுச்சு. அரசர் முதற்கொண்டு எல்லாரும் வடம் பிடிச்சு இழுத்தும் அசையலை. கூட்டத்துல ஓரமா சேந்தனாரும் நின்னுட்டு இருந்தார். அப்ப, சேந்தனே பல்லாண்டு பாடுன்னு வானத்துல குரல் கேட்டுதாம். பாட்டெல்லாம் தெரியாத தான் எப்படிப் பாடறதுன்னு தயங்கினவர், பிறகு பாடவே ஆரம்பிச்சுட்டார். 13 பாட்டு. தேர் நகர்ந்து நிலைக்கு வந்துடுச்சு. அந்தப் பாட்டுங்கதான் திருப்பல்லாண்டு.

இதெல்லாம் வழிவழியா சொல்ற கதை. ஆனா அந்த 13 பாட்டு கதையில்லை, ஒன்பதாம் திருமுறையில கடைசியா இருக்குது. அதே நூல்ல சேந்தனார் பாடின திருவிசைப்பா மூணு பதிகமும் இருக்குது. திருவீழிமிழலை, திருவாவடுதுறை, திருவிடைக்கழி ஆகிய ஊர்களைப் பத்தி. இதுல திருவிடைக்கழிப் பதிகம் முருகனைப் பாடினது. இந்த நூல்ல மொத்தம் ஒன்பது பேர் பாடியிருக்காங்க. அதுல ஒருத்தர் கண்டராதித்தர், சோழ ராஜா, முதலாம் பராந்தகரோட மகன். ராஜாவும் விறகு வெட்டினவரும் ஒரே புத்தகத்துல! எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். ஆனா 63 நாயன்மார்ல சேந்தனார் பேர் கிடையாது. அந்தப் பட்டியலை சுந்தரர் பாடினது அதுக்கு முந்தின காலம். இன்னைக்கும் சிவன் கோயில்கள்ல ஓதுவார்கள் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம்னு அஞ்சையும் சேர்த்துப் பாடுவாங்க. அதுக்குப் பஞ்சபுராணம்னு பேர். அந்த அஞ்சுல திருப்பல்லாண்டு முழுக்க இவரோடது.

இப்பவும் திருவாதிரைக்கு முந்தின நாள், ஒன்பதாம் திருவிழாவுல தேர். விநாயகர், முருகர், நடராஜர், சிவகாமி அம்மன், சண்டிகேஸ்வரர்னு அஞ்சு தேர் நாலு வீதியும் சுத்தி வரும். மத்த கோயில்ல உற்சவர் சிலைதான் வெளியில வரும். நம்ம ஊர்ல மூலவர் நடராஜரே தேர்ல வருவார். வருஷத்துல இப்படி ரெண்டு தடவை, ஆனியில ஒண்ணு, மார்கழியில ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி ஆயிரங்கால் மண்டபத்துல தங்கி, விடியறதுக்குள்ள அபிஷேகம். அறிவியல் பாடத்துல படிச்சோமே, டிசம்பர் 21 இல்ல 22தான் வருஷத்துலயே ராத்திரி நீளமான நாள்னு. அதையொட்டின பௌர்ணமி சமயத்துலதான் மார்கழித் திருவாதிரை வருது. சில வருஷம் ஜனவரிக்குத் தள்ளிப் போயிடும். 2023ல டிசம்பர் 27, அதுக்கடுத்தது 2025 ஜனவரி 13. நடுவுல 2024ல ஒண்ணு கூட இல்லை!

எங்க ஆயா களி கிண்டறது எப்படின்னா, பச்சரிசியைப் பொன்னிறமா வறுத்து ரவை மாதிரி உடைச்சுக்குவாங்க. வறுத்த பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய், நெய், ஏலக்காய். தொட்டுக்க ஏழு காய் போட்ட குழம்பு. பறங்கிக்காய், சேனை, வள்ளிக்கிழங்கு, அவரை, வாழைக்காய்னு எது கெடைக்குதோ அது. ஆனா சேந்தனார்கிட்ட நெய்யும் முந்திரியும் ஏது? அவர் கிண்டினது அரிசி மாவுக் களின்னு சிலர், கேழ்வரகுக் களின்னு சிலர். எங்க வகுப்புல இதுக்குப் பெரிய சண்டையே நடந்துச்சு.

ஒண்ணு சொல்லணும். போன வருஷம் எங்க வகுப்புல ஒருத்தி மதிய சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களி கொண்டு வந்தா. அதைப் பார்த்து நாலு பேர் சிரிச்சாங்க. அதுல நானும் ஒருத்தி. அதுக்கப்புறம் அவ டப்பாவை எங்க முன்னாடி திறக்கறதே இல்லை. இந்தக் கதையை எழுதி முடிச்சதும் முதல்ல அவகிட்டதான் படிக்கக் கொடுத்தேன். படிச்சுட்டு ஒண்ணும் சொல்லலை. திரும்பக் கொடுக்கும்போது, சேந்தனார் கிண்டினது கேழ்வரகுதான், அரிசி மாவுன்னு எழுதினதை அடிச்சுடுன்னா. நான் அடிக்கலை. ரெண்டையும் விட்டுட்டேன்.

சேந்தனார் கடைசிக் காலத்துல, தான் பதிகம் பாடின திருவிடைக்கழிக்கே போய், தைப்பூசத்தன்னைக்கு முக்தி அடைஞ்சார்னு சொல்லுவாங்க. தில்லையாடிப் பக்கத்துல இருக்கற ஊர் அது.

வர்ற திருவாதிரைக்கு மறுநாள் எங்க வீட்டுக் களியைப் பெரிய தூக்குல கொண்டு வரேன். அவளும் கொண்டு வர்றதா சொல்லியிருக்கா, கேழ்வரகுலதான்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி