குருகூரில் கண்ட ஏடு

தாமிரவருணியின் தென்கரையில் ஆதிநாதப் பெருமாள் கோயில்கொண்ட திருக்குருகூர், ஆழ்வார் திருநகரி என்னும் பெயரால் வழங்குகின்றது. மறைந்த தமிழை மீட்டுத் தந்த தலம் அது என்பதை வைணவ அன்பர்கள் அனைவரும் அறிவர். வீரநாராயணபுரத்து மன்னனார் சந்நிதியில், குடந்தை ஆராவமுதனைப் பாடிய பத்துப் பாசுரங்களைச் சிலர் ஓதக் கேட்டார் நாதமுனிகள். எஞ்சிய பாசுரங்களைத் தேடிக் குடந்தைக்குச் சென்றார். அங்கும் கிட்டாமையால் குருகூரை அடைந்தார். மதுரகவிகளின் பிரபந்தத்தை 12,000 முறை ஓதி, நம்மாழ்வாரிடமிருந்தே நாலாயிரத்தையும் பெற்றார் என்று குருபரம்பரை கூறும்.

நாதமுனிகளின் காலத்துக்கு ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், அதே குடந்தையில் மற்றொரு தேடல் தொடங்கிற்று. அதுவும் குருகூர் வீதிக்கே வந்து சேர்ந்தது. தேடி வந்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்.

தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் ஐயரவர்கள் தோன்றினார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லுநர். இராமகதை சொல்லிக் குடும்பம் நடத்தியவர். பிள்ளைக்கு இட்ட பெயர் வேங்கடராமன்; இல்லத்தில் அழைத்த பெயர் சாமிநாதன். அழைத்த பெயரே நிலைத்தது. வறுமை ஊர் ஊராக விரட்டியபோதும் தமிழ் கற்கும் ஆவல் குன்றவில்லை. 1871ஆம் ஆண்டு முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணாக்கராக அமர்ந்து, அப்பெரியார் 1876இல் மறையும் வரை உடனிருந்து கற்றார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி கிட்டியது. கற்கவேண்டிய அனைத்தையும் கற்றுவிட்டதாக ஒருவர் எண்ணத்தக்க நிலைமைதான்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், குடந்தைக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன கற்றீர் என்று முதலியார் வினவ, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயரவர்கள் நெடிய வரிசையொன்றை அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்ற வினாக்களே வந்தன. ஒன்றையும் படித்ததில்லை என்று ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. ஓராயிரத்துள் பத்து மட்டுமே தெரிந்தவர்களைக் கண்டபோது நாதமுனிகள் திருவுள்ளத்தில் எழுந்த ஏக்கத்தையே இங்கு நினைக்கத் தோன்றுகிறது. ஆயின் இங்கே பத்து மட்டும் அறிந்தவர் தாமே என உணர்ந்தார் ஐயரவர்கள். அதனை உணர்ந்தும் சினம் கொள்ளாமல் சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்ததே அவருடைய பெருமை.

சிந்தாமணி சமண காவியம். அதன் மரபு விளங்காமல் இடர்ப்பட்டபோது, குடந்தையிலிருந்த சைனர்களின் இல்லங்களுக்குச் சென்று மாணவரைப் போல ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூல் அச்சேறியது. அடுத்து அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது பத்துப்பாட்டு. கிடைத்த பிரதிகள் குறையுடையனவாயிருந்தமையால் நெல்லைச் சீமைக்குப் புறப்பட்டார்.

அப்பயணங்களில் அவர் கேட்டவை நெஞ்சைச் சுடுவன. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் பழைய ஏடுகளைச் சுமை சுமையாக ஆற்றில் விட்டதாகச் சிலர் கூறினர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் சேமித்த ஏடுகளைத் தேடிச் சென்றவருக்கு, அவை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்ட செய்தியே கிடைத்தது. செய்தவர்கள் பகைவர் அல்லர். புண்ணியம் என்று நம்பியே செய்தனர். எத்தனை நூல்கள் இவ்வாறு நீரிலும் நெருப்பிலும் சென்றனவோ!

ஆழ்வார் திருநகரியில் கவிராயர்கள் பரம்பரையாகத் தமிழ் வளர்த்தவர்கள். அவர்களுள் இலக்குமண கவிராயரின் இல்லத்தில் சுவடிகளைக் கட்டுக்கட்டாகப் புரட்டியும், விரும்பிய நூல் அகப்படவில்லை. மனம் தளர்ந்திருந்த அன்றிரவு, நம்மாழ்வார் திருவீதி எழுந்தருளினார். வேதத்தைத் தமிழாக்கிய ஆழ்வாரின் திருமுன் நின்று, தமிழ் நூல் கிடைக்க அருளவேண்டுமென்று ஐயரவர்கள் உருகி வேண்டிக்கொண்டார். அதன்பின் கவிராயர், உறவினர் இல்லத்திலிருந்து பெற்ற சுவடிக் கட்டொன்றைக் கொணர்ந்து கொடுத்தார். பிரித்துப் பார்த்தபோது கண்ணிற் பட்ட பெயர் முல்லைப்பாட்டு. தேடிய பத்துப்பாட்டே அது! ஆழ்வார் திருவருளாலேயே கிடைத்தது என்று ஐயரவர்கள் நம்பினார். பல்லாண்டுகள் கழித்துத் தம் சரித்திரத்தில் எழுதியும் வைத்தார்.

சைவப் பெரும்புலவரிடம் பயின்றவர், சைவ மடத்தின் அரவணைப்பில் வளர்ந்தவர் எழுதியது இது. முல்லைப்பாட்டின் தொடக்கமோ, கடல்நீரை முகந்து வானில் உயரும் மேகத்துக்கு, மாவலி வார்த்த நீர் கையிற் படிந்தவுடன் ஓங்கி உலகளந்த திருமாலையே உவமை கூறுகின்றது. அவ்வுவமையைச் சுமந்த ஏடு ஆழ்வார் வீதியிலேயே வெளிப்பட்டது பொருத்தமன்றோ!

1889இல் பத்துப்பாட்டு அச்சாயிற்று. அதிலுள்ள பெரும்பாணாற்றுப்படையால், கச்சித் திருவெஃகாவில் அரவணைத் துயிலும் பெருமானை அப்பழங்காலத்துப் பாணரும் வணங்கிச் சென்றமை உலகுக்குத் தெரிந்தது. 1892இல் வெளிவந்த சிலப்பதிகாரப் பதிப்பு, அரங்கத்துக் கிடந்த திருக்கோலத்தையும் வேங்கடத்து நின்ற திருக்கோலத்தையும், மதுரை ஆய்ச்சியரின் குரவையையும் தெளிந்த பாடத்துடன் கற்போர் கைக்குத் தந்தது. 1918இல் பரிபாடல் வந்தது. 70 பாடல்களாயிருந்த நூலில் முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றுள் திருமாலுக்குரியன 6. அவ்வாறனுள் ஒன்று, அழகர் எழுந்தருளிய மாலிருங்குன்றத்தைப் போற்றுவது. பாடியவர் பெயரோடு, இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் பல பாடல்களுக்குக் குறிக்கப்பட்டிருப்பது அந்நூலின் தனிச்சிறப்பு. ஆழ்வார்களுக்கு முன்னரே பெருமாளைப் பண்ணோடு பாடிய தமிழ் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. எஞ்சிய திருமால் பாடல்கள் எந்த ஆற்றில் போயினவோ என்ற வருத்தமும் உடன் எழாமற் போகாது.

புறநானூறு, மணிமேகலை, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து என அவர் பதிப்பித்தவை பல. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, திருவல்லிக்கேணிப் பகுதியில் குடியிருந்து பிற்காலத் தொண்டு பலவும் புரிந்தார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. முதுமையிலும் ஏட்டை விட்டாரில்லை. அழகர் கிள்ளைவிடு தூதினை வெளியிட்டபோது வயது எண்பதைக் கடந்திருந்தது.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டிலேயே, ருக்மிணி தேவி அம்மையாரின் முயற்சியால் அவர் பெயரில் சென்னையில் நூல்நிலையம் அமைந்தது. 2004இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தபோது, அத்தகுதிக்குச் சான்றாக நின்ற நூல்களுட் பல அவர் கைபட்டு வெளிவந்தவை. ஊர் ஊராக நடந்து அவர் சேர்த்த ஓலைச்சுவடிகள், பெசன்ட் நகரிலுள்ள அந்நூல்நிலையத்தில் பேணப்படுகின்றன.