பொது வார்டில் ஒரு முன்னாள் அமைச்சர்



தல்லாகுளத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது அரசு இராசாசி மருத்துவமனை. அங்கே பொது வார்டில், ஏழைகளோடு ஏழையாக ஒரு முதியவர் சிகிச்சை பெற்று வந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., செய்தி அறிந்து அவரிடம் விரைந்தார். அந்த முதியவர் பத்தாண்டுகள் அமைச்சராக இருந்த பி. கக்கன்.

மேலூர் அருகே தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18-இல் ஓர் எளிய தலித் குடும்பத்தில் பிறந்தவர் இவர். 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் நுழைந்தவர்களுள் ஒருவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றார். 1955-இல் ஐயர் இறந்தபோது, ஒரு மகனைப்போல் மொட்டையடித்துக்கொண்டு இறுதிச் சடங்கில் நின்றார். சாதி பிரித்த இருவரை அன்பு தந்தையும் மகனுமாக்கியது!

அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், 1952-இல் மதுரையின் மக்களவை உறுப்பினர், 1957 முதல் 1967 வரை காமராசர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் அமைச்சர் என அவரது பொதுவாழ்வு வளர்ந்தது. பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை எனப் பெரிய பொறுப்புகள் அவரிடம் இருந்தன. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவர் கையில்தான் இருந்தது. 1965 மொழிப் போராட்டக் காலத்தில் காவல்துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. துப்பாக்கிச்சூடுகளால் எழுந்த மக்கள் கோபத்தை அவரது ஆட்சி சந்தித்தது; 1967 தேர்தலில் அவரும் தோற்றார்.

பதவி போனது. சேர்த்து வைத்த செல்வம் ஏதும் இல்லை. வாடகை வீடும் பேருந்துப் பயணமுமாக வாழ்ந்தார். மருத்துவமனையிலும் தான் யாரென்று சொல்லிச் சலுகை கேட்கவில்லை. எம்.ஜி.ஆர். சந்தித்த பிறகே அரசின் உதவி அவரைத் தேடி வந்தது. 1981 டிசம்பர் 23-இல் அவர் மறைந்தார். 1999-இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியானது.

நேர்மையானவர் இல்லையே என்று அடிக்கடி குறைப்படுகிறோம். நம் நடுவிலேயே ஒருவர் வாழ்ந்தார். பதவியில் இருந்தவரை அவரைச் சூழ்ந்திருந்த கூட்டம், அவர் நோயுற்றபோது எங்கே போனது? நம் ஊரிலும் பங்கிலும் பொறுப்பிலிருந்து ஓய்ந்துபோன நல்லவர்கள் உண்டு. இந்த வாரம் அவர்களில் ஒருவரின் வீட்டுக்குச் சென்று நலம் விசாரிப்போமா?