பீத்தோவனின் குறிப்பேடுகள்

பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள கோவூரில் எழுந்தருளியிருக்கும் சுந்தரேசுவரர்மீது தியாகராசர் ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார் என்பது நம் பகுதிக்குப் பெருமை. அப்பெரியார் வாழ்ந்த அதே காலத்தில் ஐரோப்பாவில் வாழ்ந்தவர் இசைமேதை பீத்தோவன். அவருடைய ஒன்பதாம் சிம்பொனி உருவான வரலாற்றை நான் இங்கே சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

1770-இல் செருமானிய நகரான பானில் பிறந்த பீத்தோவன், 1792-இல் வியன்னாவில் குடியேறினார். மகிழ்ச்சியைப் போற்றிக் கவிஞர் சில்லர் 1785-இல் பாடிய கவிதைக்கு இசையமைக்கும் ஆவல் அவ்விளமையிலேயே அவர் உள்ளத்தில் முளைத்தது. அது கனிந்ததோ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்!

இடையில் எத்தனை துன்பம்! முப்பது வயதுக்கு முன்பே செவிப்புலன் குன்றத் தொடங்கியது. 1802-இல் தம்பியருக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த மடலில், உயிரை விட எண்ணியதையும் கலையின் பொருட்டே உயிர் தரித்ததையும் வெளியிட்டிருக்கிறார்.

உலாவச் செல்லும்போதும் குறிப்பேடும் பென்சிலும் அவருடன் செல்லும். தோன்றியதைக் கிறுக்குவார், அடிப்பார், மீண்டும் எழுதுவார். ஒன்பதாம் சிம்பொனியின் புகழ்பெற்ற இறுதிப் பாடலின் மெட்டுக்கு நெருங்கிய உறவான மெட்டு, 1790-களில் அவர் அமைத்த ஒரு காதற்பாட்டிலேயே இருக்கிறது. 1808-இல் பியானோ, வாத்தியக் குழு, பாடகர் குழு ஆகிய மூன்றையும் இணைத்த படைப்பொன்றில் அதே மெட்டு மீண்டும் தலைகாட்டியது. 1817-இல் இலண்டன் இசைச் சங்கம் புதிய சிம்பொனிகள் வேண்டிற்று. எனினும் இறுதிப் பகுதியில் மனிதக் குரல் சேர்ப்பதா, வாத்தியம் மட்டுமா என்ற ஐயம் அவரை நெடுநாள் வாட்டியது. வாத்தியத்துக்கென எழுதிய குறிப்பும் வீணாகவில்லை. பின்னர் ஒரு நால்வர் இசைக்குப் பயன்பட்டது. இன்று குழந்தையும் முணுமுணுக்கும் அவ்வெளிய மெட்டு, பலமுறை திருத்தி எழுதப்பட்ட பின்னரே இறுதி வடிவம் பெற்றது.

1824 மே 7-ஆம் நாள் வியன்னாவில் அரங்கேற்றம். கூட்டம் ஆர்ப்பரித்தது. இசைத்தவரை நோக்கி நின்ற பீத்தோவனுக்கு அது கேட்கவில்லை. பாடகி ஒருவர் அவரைத் திருப்பிவிட்ட பின்னரே அசையும் கைகளைக் கண்டார். 1827-இல் மறைந்தார்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் ஏற்றிய இரும்பு ஒரே சுற்றில் உருப்பெறுவதில்லை. கலையும் அத்தகையதே. அடித்தல் திருத்தல் நிறைந்த தம் தாளைக் கண்டு நாணும் மாணவ நண்பர்களே, அந்தக் குறிப்பேடுகளை எண்ணிப் பாருங்கள். அடித்த வரிகள் தோல்வியின் தழும்புகள் அல்ல, ஏறிவந்த படிகள்!