பால் பென்ஃபீல்டு

பால் பென்ஃபீல்டு (1741 – 1810) என்பவர் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரும், ஒப்பந்தக்காரரும், வட்டித் தொழில் செய்தவரும், பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினரும் ஆவார். ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய இவர், இறுதியில் அனைத்தையும் இழந்து பாரிசில் வறுமையில் இறந்தார்.

சென்னையில்

1764 இல் குறைந்த ஊதியத்தில் பணியேற்ற பென்ஃபீல்டு, கட்டட ஒப்பந்தங்களால் வளர்ந்தார். கறுப்பர் நகரத்தைச் சுற்றி 1769 முதல் மதில் எழுப்பியவர் இவரே. இன்றைய வால்டாக்சு சாலையின் பெயர் அம்மதிலோடு தொடர்புடையது. சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவரும் இவரே எனக் கருதப்படுகிறது.

நவாபின் கடன்

செஞ்சிக் கோட்டை 1761 இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வசமானது. அதன் பின்னர் செஞ்சி, வல்லம் உள்ளிட்ட கர்நாடகப் பகுதி நவாப் முகமது அலி வாலாஜாவின் ஆட்சியில் இருந்தது. படைச் செலவுக்காகவும் ஆடம்பரத்துக்காகவும் நவாப் கம்பெனி ஊழியர்களிடம் உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கினார். அதற்கு ஈடாக நிலவரி வருவாய் எழுதிக் கொடுக்கப்பட்டது. இதனால் கடனின் சுமை உழவர்கள் மீதே விழுந்தது.

தஞ்சாவூர் விவகாரம்

நவாப் 1773 இல் கைப்பற்றிய தஞ்சாவூரை, 1776 இல் ஆளுநர் பிகோட் பிரபு மன்னர் துளசாவிடம் திருப்பி அளித்தார். உடனே பென்ஃபீல்டு, அந்நாட்டு வருவாயிலிருந்து நவாப் தர வேண்டியதாக 1,62,000 பவுண்டும், தனியாரிடமிருந்து 72,000 பவுண்டும் கோரினார். விளைந்து நின்ற பயிரும் இதற்கு ஈடாகக் காட்டப்பட்டது. பிகோட் இக்கோரிக்கையை எதிர்த்தார். ஆளுநர் சபையின் பெரும்பான்மையினர் 24 ஆகத்து 1776 அன்று அவரைக் கைது செய்தனர். அவர் 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார்.

நாடாளுமன்றத்தில்

இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்ட பென்ஃபீல்டு 1780 இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1781 இல் மீண்டும் சென்னைப் பணியில் சேர்க்கப்பட்டார். நவாபின் கடன்களை உரிய விசாரணையின்றிக் கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 4,80,000 பவுண்டு வீதம் அடைக்க அரசு முடிவு செய்தது. 1785 இல் எட்மண்ட் பர்க் இதனைக் கண்டித்து ஆற்றிய உரையில் பென்ஃபீல்டைக் கடுமையாகச் சாடினார். எனினும் அரசின் முடிவு மாறவில்லை.

வீழ்ச்சி

தாயகம் திரும்பிய பென்ஃபீல்டு, 1790களில் இலண்டனில் வணிக நிறுவனம் தொடங்கினார். ஹார்ட்ஃபர்டுசயரில் வுட்ஹால் பூங்கா மாளிகையையும் வாங்கினார். சில ஆண்டுகளிலேயே நிறுவனம் நொடித்தது. மாளிகை 1801 இல் விற்கப்பட்டது. அதே ஆண்டில் கர்நாடகமும் கம்பெனி ஆட்சியுடன் இணைக்கப்பட்டது. பின்னர் அமைக்கப்பட்ட ஆணையம், நவாபின் மீதான சுமார் 3 கோடி பவுண்டு கடன் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதையே உண்மையானதென ஏற்றது.