ஜூலியா மார்கரெட் காமரன் அம்மையார்

திருத்தணிக்கு அணித்தாயுள்ள திருவாலங்காட்டிற் கிடைத்து, இப்பொழுது சென்னை அரசினர் அரும்பொருட்சாலையில் விளங்கும் நடராசர் செப்புத் திருமேனியைப் பிரெஞ்சுச் சிற்பியாராகிய ரொதேன் நேரிற் கண்டவரல்லர். நிழற்படங்களைக் கொண்டே அதனைத் துருவி நோக்கி அவர் வரைந்த கட்டுரை, அவர் மறைந்தபின் 1921இல் வெளியாயிற்று. அசையாத செப்புருவைப் படம்பிடிப்போர்க்கு ஒரு வசதியுண்டு. வில்லையின் வாயைச் சிறிதாக்கி, வேண்டுமளவு நேரம் ஒளியை ஏற்கலாம்; தூக்கிய திருவடி முதல் பீடம் வரை யாவும் துலங்கும். உயிருள்ள முகமோ அங்ஙனம் நில்லாது. அதற்கு ஒளியை மிகுதியாய் ஏற்கும் அகன்ற வில்லை வேண்டும். அத்தகைய வில்லையிலோ கண் துலங்கின் காது மங்கும். இக்குறையையே தம் கலைக்கு உறுப்பாக்கிக்கொண்ட ஓர் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

ஜூலியா மார்கரெட் அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். அம்மையார் பிரான்சு தேசத்திற் கல்வி பயின்றார். 1836இல் நன்னம்பிக்கை முனையில் வானநூற் புலவர் சர் ஜான் ஹெர்ஷலின் நட்பைப் பெற்றார். 1838இல் கல்கத்தாவில் அவரை மணந்த சார்லஸ் ஹே காமரன், மெக்காலேயுடன் சட்டக் குழுவில் இருந்தவர். அதற்கு முன்னரே இலங்கையின் நீதிமுறையை ஆராய்ந்து அறிக்கை தந்தவர். பின்னர் அத்தீவில் காப்பித் தோட்டங்களும் அவருக்கு உரியவாயின. 1848இல் குடும்பத்தார் இங்கிலாந்து சென்று, 1860இல் ஒயிட் தீவில் கவிஞர் டெனிசனுக்கு அயலாராய்க் குடியேறினர்.

1863ஆம் ஆண்டிறுதியில் மகளும் மருமகனும் அம்மையாருக்கு ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48. கரிக்கிடங்கு இருட்டறையாயிற்று, கோழிக்கூடு கண்ணாடி மாளிகையாயிற்று. மறு மாதமே அன்னி என்னும் சிறுமியின் படம் செவ்வனே அமைந்தது.

அவர் கொண்ட வில்லை பாரிசு நகரத்து ஜாமின் என்பார் செய்தது. வியன்னாவில் பெட்ஸ்வால் என்னும் கணிதர் 1840இல் கணித்து அமைத்த முறையைத் தழுவியது. அது மிகுந்த ஒளியை ஈர்க்கும். நடுவே துலங்கி ஓரங்களிற் குழையும். அக்காலத்து ஈரத் தட்டு ஒளியை மெல்லவே பற்றுமாதலின், அமர்ந்தார் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். அதற்குள் தலை சிறிது சாய்ந்தாலும் குவிப்புத் தவறும். பிறர் வில்லையை மேலும் மேலும் திருகித் துலக்கம் தேட, அம்மையாரோ அழகென்று தம் கண்ணுக்குத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிடுவார். நிழற்படச் சங்கத்தார் சிலர் இதனைக் கவனக்குறைவென இகழ்ந்தனர். தட்டிற் கீறலும் கறையும் இருந்தன என்பதை நாமும் மறுக்கோம். ஆயினும் 1867இல் எடுத்த ஹெர்ஷலின் முகமும் 1868இல் எடுத்த டார்வினின் முகமும், அம்மங்கலினின்றே எழுந்து நம் எதிரே நிற்கின்றன.

இக்காலத்துக் காமிராக்கள் தாமே குவிக்கவல்லன. வில்லையின் இரு புறத்து வழியாக வரும் ஒளியை ஒப்பிட்டு, குவிப்பின் இடத்தை நொடியில் அறிவது ஒரு முறை. 2014இல் ஃபியூஜிஃபில்ம் நிறுவனத்தார், பின்னணி மென்மையாய்க் குழையவேண்டி, ஓரத்தை நோக்கிக் கருமையேறும் வடிகண்ணாடி ஒன்றை முகப்படத்துக்குரிய 56 மில்லிமீட்டர் வில்லையுட் பொருத்தினர். பின்னணி குழைந்தது, ஓரத்தொளி குன்றவே அவ்விரைவு முறை பயன்படாதாயிற்று. முன்னும் பின்னும் நகர்ந்து துலக்கத்தைத் தேடும் மெதுவான முறையே எஞ்சியது. மென்மைக்கு விலை குவிப்பிலே கொடுக்கப்பட்டது. அம்மையார் அறிந்தே கொடுத்த விலையும் அதுவே.

1875இல் காமரன் குடும்பத்தார் இலங்கைக்குப் பெயர்ந்தனர். அங்கே நன்னீரும் மருந்துப் பொருள்களும் எளிதிற் கிட்டாமையால் அம்மையார் எடுத்த படங்கள் சிலவே. தோட்டங்களிலும் ஊர்களிலும் உழைத்த மக்களை, அவருள் தமிழரையும், டெனிசனை நோக்கிய அதே கண்ணால் நோக்கினார். 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் மலைநாட்டில் அவர் உயிர் நீத்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்து முற்றத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டு கணவரும் அவ்விடம் சேர்ந்தார்.

ஒன்று மட்டும் நம் நெஞ்சை உறுத்துகின்றது. இங்கிலாந்தில் அவர் எடுத்த புலவர்களின் பெயரையெல்லாம் உலகம் அறியும். இலங்கைப் படங்களில் நம்மை நோக்குவோருட் பெரும்பாலாரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. வில்லை முகத்தைத் துலக்கிற்று. பெயரைத் துலக்குவார் இலர். எதனைத் துலக்குவது, எதனை மங்கவிடுவது என்பதை எந்தப் பொறியும் நமக்காகத் தீர்மானிக்கமாட்டாது. காமிரா ஏந்தும் நம் மாணவர், படத்தின் பின்னே பெயரையும் ஊரையும் எழுதிவைப்பாராக.