ஜோசப் பிரீஸ்ட்லி போதகர்

மணப்பாட்டைச் சூழ்ந்த பனங்காடுகளைக் கண்டோர், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீர் தெளிந்து நிற்பதையும், சுண்ணாம்பில்லாக் கலயத்தில் இறங்குவது விரைவிலே நுரைத்துப் பொங்கிக் கள்ளாவதையும் அறிவர். அந்நுரையை எழுப்பிக் காற்றிற் கலந்தொழியும் வாயு யாது என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவை எழுப்பி, வீணாகும் வாயுவைப் பயன்படுத்தும் வழியையும் காட்டிய ஒரு போதகரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜோசப் பிரீஸ்ட்லி, இங்கிலாந்து தேசத்து லீட்ஸ் நகருக்கு அருகே, 1733-ம் ஆண்டில், கம்பளித்துணித் தொழில் செய்வார் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தனர். இளமையிலேயே தாயை இழந்து அத்தையாரால் வளர்க்கப்பட்டனர். திக்குவாய் அவரைப் பெரிதும் வருத்தியது. எனினும் பிரசங்கஞ் செய்யும் ஊழியத்தையே அவர் விரும்பி ஏற்றனர். 1767-ம் ஆண்டில் லீட்ஸ் நகரத்து மில் ஹில் சபைக்குப் போதகராக வந்தபொழுது, அவர் குடியிருந்த வீட்டை அடுத்துப் பீர் காய்ச்சும் சாலையொன்று இருந்தது.

ஆங்கே பெருந்தொட்டிகளில் தானியரசம் நொதித்துப் பொங்கும்பொழுது, அதன்மேல் ஏறக்குறைய ஓரடி உயரம் ஒருவகை வாயு படிந்து நிற்பதை அவர் கண்டனர். எரியும் மெழுகுவர்த்தியை அதனுள் இறக்க, அஃது அவிந்தது. அவிந்த திரியின் புகையோ மேலெழாது, வாயுவோடு கூடித் தொட்டியின் விளிம்பைக் கடந்து கீழே வழிந்தது. ஆகவே இது காற்றினுங் கனமானது எனத் தெளிந்தனர். ஸ்காட்லாந்து தேசத்து ஜோசப் பிளாக் என்பார் முன்னரே ஆராய்ந்திருந்த கரியமிலவாயுவே இது. பின்னர்ப் பிரீஸ்ட்லி இரண்டு பாத்திரங்களை நுரைக்கு அண்மையிற் பிடித்து, நீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறி வார்த்தனர். அந்நீர் வாயுவை உட்கொண்டு, இனிய புளிப்புடன் குமிழியிட்டது.

அவ்வீட்டை விட்டு நீங்கியபின், சீமைச்சுண்ணத்தில் கந்தகத் திராவகம் விட்டு அவ்வாயுவைத் தாமே உண்டாக்கினர். செய்முறையை 1772-ம் ஆண்டில் சிறு நூலாக வெளியிட்டனர். நெடுங்கடலோடுவார்க்கு ஈறு வீங்கி உயிரைப் போக்கும் ஸ்கர்வி நோயை இந்நீர் தடுக்கும் என்று அவர் நம்பினர். அந்நம்பிக்கை பிழையே, எலுமிச்சை முதலிய கனிகளே அந்நோய்க்கு மருந்தென்பது பின்னர் நிலைபெற்றது. ஆயினும் சோடா நீர் நிலைத்தது. அதனை விற்றுப் பொருளீட்டியவர் ஜெனீவா நகரத்து ஷ்வெப் முதலிய பிறரே. பிரீஸ்ட்லி அதனின்று செல்வம் ஈட்டவில்லை.

1774-ம் ஆண்டில் அவர் பிராணவாயுவையும் பிரித்துக் கண்டனர். ஆனால் சமயத்திலும் அரசியலிலும் தாம் மெய்யென எண்ணியதை மறைத்துப் பேசாமையால் பலருடைய பகைக்கு ஆளாயினர். திரித்துவத்தை அவர் மறுத்தது நமக்கு உடன்பாடன்று. ஆனால் அதற்காக அவர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையும் நமக்கு உடன்பாடன்று. 1791-ம் ஆண்டு ஜூலை மாதம் பர்மிங்காம் நகரில் கலகக்காரர் அவருடைய வீட்டையும், நூல்களையும், ஆராய்ச்சிச் சாலையையும் அழித்தனர். பல்லாண்டு உழைப்பு ஓரிரவிற் பாழாயிற்று. 1794-ம் ஆண்டில் அமெரிக்கா சென்று, ஆங்கும் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1804-ம் ஆண்டு பிப்ரவரி 6-ம் நாள் உயிர்நீத்தனர்.

நொதித்தலிலே 180 பங்கு எடையுள்ள குளுக்கோஸ் சர்க்கரை, ஏறத்தாழ 92 பங்கு சாராயமும் 88 பங்கு கரியமிலவாயுவுமாகப் பிரியும் என்பது ரசாயன நூலாரின் கணக்கு. பாதிக்குச் சற்றே குறைந்த இப்பங்கை இக்காலத்துப் பெருஞ்சாலைகள் பல வீணே விடுவதில்லை. மூடிய தொட்டிகளிலிருந்து வாயுவைக் குழாய்வழி கொணர்ந்து, நுரையை நீக்கி, நீராற் கழுவி, கரித்தூளால் நாற்றம் போக்கி, ஈரம் உலர்த்தி, அழுத்திக் குளிர்வித்துத் திரவமாக்கிச் சேமிக்கின்றன. வேண்டும்பொழுது அதனை மீண்டும் வாயுவாக்கிப் பானத்திற் செலுத்துகின்றன. போதகர் இரு பாத்திரங்களைக் கொண்டு செய்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

ஐந்தப்பத்தால் திரளான ஜனங்களைப் போஷித்த நம் ஆண்டவர், மீந்த துணிக்கைகளையும் சேர்த்து வைக்கும்படி கட்டளையிட்டார். அண்டைவீட்டுத் தொட்டியில் வழிந்தோடிய வாயுவைப் புறக்கணியாத பிரீஸ்ட்லியின் வாழ்வும் அப்பாடத்தையே போதிக்கின்றது. மாணவ நண்பர்காள்! அடுத்த முறை பொங்கும் கலயத்தையோ சோடாப் புட்டியையோ காணுங்கால், வீடிழந்தும் ஆராய்ச்சியைக் கைவிடாத அப்பெரியாரைச் சற்றே நினைமின்.