சிற்ப ரசிகர் பாஸ்கரத் தொண்டைமான்

மதுரைக்கு வடக்கே சுமார் 13 மைல் தூரத்தில் உள்ள அழகர்கோவிலுக்கு ஆண்டு முழுவதும் ஜனங்கள் வந்த வண்ணமாக இருக்கிறார்கள். பதினெட்டாம்படிக் கருப்பனுக்குச் சந்தனம் சாத்துகிறார்கள். நூபுர கங்கையில் நீராடுகிறார்கள். சுந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வண்டி ஏறுகிறார்கள். போகும் வழியிலே கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் தூண்களில் இரணியனை வதைக்கும் நரசிம்மரும், பூதேவியைத் தாங்கிய வராகரும், உலகளந்த திரிவிக்கிரமரும், ரதியும் மன்மதனும் ஆளுயரத்துக்கு மேலாக நிற்கிறார்கள். அவர்கள் முன் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுக்கப் புகுந்தால் நமக்கு வெட்கமே மிஞ்சும்.

பாமர ஜனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் உள்ளே இருக்கும் அழகரைக் காண வருகிறார்கள்; தூணைக் காண அன்று. படித்தவர்கள் சங்கதி வேறு. பல்லவர் காலத்துச் சிற்பமும் சோழர் காலத்துச் செம்பும் உயர்ந்தவை, நாயக்கர் காலத்து வேலையோ வெறும் நகாசு, கலையின் தேய்வு என்று புத்தகங்களில் படித்து, அதையே வேதவாக்காகக் கொண்டு, தூணை ஏறெடுத்தும் பாராமல் நடந்தவர்கள் அவர்கள். இந்த இரு சாராருக்கும் நடுவிலே நின்று, பக்தியையும் விடாமல், புத்தகத் தீர்ப்புக்கும் அடிமையாகாமல், கல்லைக் கண்ணால் பார்க்கும்படி தமிழ் மக்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான்.

1904-ம் வருஷம் திருநெல்வேலியில் தொண்டைமான் பிறந்தார். பிற்காலத்தில் நாவலாசிரியராகவும் விமர்சகராகவும் பெயர் பெற்ற ரகுநாதன் அவருக்கு இளைய சகோதரர். தமையனார் சர்க்கார் உத்தியோகத்தில் படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தபோது தம்பி 1942-ம் வருஷப் போராட்டத்தில் சிறை புகுந்தார். ஒரே வீட்டில் இப்படி இரு வேறு பாதைகள் இருந்தது அக்காலத்துத் தமிழ்நாட்டில் அபூர்வம் அல்ல. தேசம் விடுதலைக்குப் போராடும் வேளையில் சிலையையும் செய்யுளையும் பற்றிப் பேசிப் பொழுது போக்கலாமா என்று கேட்ட தேசபக்தர்கள் உண்டு. அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு விடை தொண்டைமான் வாழ்க்கையிலேயே கிடைக்கிறது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் வட்ட வடிவமான தொட்டிக்கட்டு ஒன்று இருந்தது. அங்கே நண்பர்கள் கூடிப் பேசிய சபைக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வழங்கலாயிற்று. தலைவர் கிடையாது; அங்கத்தினர் சந்தா கிடையாது; தீர்மானம் நிறைவேற்றும் வழக்கமும் கிடையாது. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒரு மாலைப்பொழுது அதிலேயே கழிந்துவிடும். சொல்லுக்குப் பொருள் தெரிவது முதற்படிதான்; பாட்டின் உயிர்நிலை எந்த இடத்தில் இருக்கிறது, எந்தச் சொல் ஓசையில் இறங்குகிறது என்று தேடுவதே அந்தச் சபையின் வேலை. வக்கீலும் உத்தியோகஸ்தரும் எழுத்தாளரும் அங்கே சரிசமானமாக உட்கார்ந்தார்கள். நீதிபதி மகராஜன், பேராசிரியர் அ. சீனிவாசராகவன் முதலியோர் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். கல்கிக்கும் ராஜாஜிக்கும் ரசிகமணியிடம் இருந்த நேசம் தமிழ்நாடு அறிந்தது. தொண்டைமான் அங்கேதான் ரசனை பயின்றார். பிற்பாடு தம் ஆசானைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

ரசிகமணி பாட்டுக்குச் செய்ததைத் தொண்டைமான் சிலைக்குச் செய்தார். நெல்லைக்கு அருகே உள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். ராஜகுமாரியைத் தூக்கிச் செல்லும் குறவன் அங்கே நிற்கிறான். குதிரை மேல் வந்தவர்கள் குத்திய விலாக் காயத்தில் கல்லின் செந்நிற ரேகையே ரத்தமாகத் தெரிகிறது. இந்தத் தூண் எந்த அரசன் காலத்தது என்பது மட்டும் தெரிந்து என்ன பயன்? பாரம் தாங்கும் தோள் எப்படிப் புடைத்திருக்கிறது, வேதனையிலும் நடை தளராத கால் எங்கே ஊன்றியிருக்கிறது, சிற்பி கல்லின் நிறத்தை எப்படித் தன் கதைக்குப் பயன்படுத்திக்கொண்டான் என்று நாலு பேர் கூடி நின்று பேசினால் அல்லவா அந்தக் குறவன் உயிர் பெறுகிறான்! ஒருவர் கண்ணுக்குப் படாதது மற்றவர் கண்ணுக்குப் படும். தனியாகப் பார்ப்பவன் பார்த்ததோடு திருப்தி அடைந்துவிடுகிறான். கூடிப் பார்ப்பவர்கள் மறுபடியும் பார்க்கிறார்கள்.

இப்படிக் கூடிப் பேசுவதை வீண் பொழுதுபோக்கு என்று எண்ணுபவர்களுக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 1910-ம் வருஷம் லண்டனில் நடந்த கூட்டம் ஒன்றில், இந்தியாவில் நெடுநாள் உத்தியோகம் பார்த்த ஸர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர் ஜாவா தேசத்துப் புத்தர் சிலை ஒன்றை, கொழுப்புச் சேர்த்து வேகவைத்த மாப்பண்டத்துக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். ஆங்கில ஓவியர்களும் அறிஞர்களுமாகப் பதின்மூன்று பேர் கையெழுத்திட்டு டைம்ஸ் பத்திரிகையில் கண்டனம் வெளியிட்டார்கள். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்த ஹேவலும், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமியும் முன்னின்று லண்டனில் இந்தியக் கலைச் சங்கம் கண்ட வருஷமும் அதுவே. 1913-ல் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து மெய்ம்மறந்து எழுதினார். ஒரு ஜாதி தன் கலையை இழிவாக எண்ணும்படி பழக்கப்பட்டுவிட்டால் அதன் முதுகெலும்பு முறிந்ததற்கு அடையாளம். அதை நிமிர்த்திய வேலையில் சிறு ரசிகர் கூட்டங்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயில் சிற்பத்தை ரசிப்பதற்கு முதலில் கோயிலுக்குள் நுழைய வேண்டுமே! 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி வைத்தியநாதையர் ஹரிஜன சகோதரர்களுடன் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் பிரவேசித்த நாள் வரையில், அந்தக் கோயிலின் தூண்களைச் செதுக்கிய நாட்டின் மக்களில் ஒரு பெரும் பகுதியினர் அத்தூண்களைக் கண்ணால் கண்டதில்லை. கலை ரசனையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுவது நமக்குச் சம்மதம் அன்று.

தொண்டைமானின் பேச்சு செயலாக மாறியது தஞ்சையில். தஞ்சைக் கருந்தட்டாங்குடியில் சோழர் காலத்துப் பிரம்மா சிலை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. கல்கத்தா மியூசியத்தார் அதைக் கொண்டுபோக முன்வந்தபோது ஊரார் விடவில்லை. அத்தனை நாள் பூவும் விளக்கும் காட்டாதவர்களுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது ஏன் என்று பரிகசிப்பது சுலபம். ஆயினும் அந்தப் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது. ஜில்லாக் கலெக்டர் டி. கே. பழனியப்பனின் ஆதரவோடு, தொண்டைமானின் முயற்சியால், சிலை கல்கத்தாவுக்கும் போகாமல், மண்ணிலும் கிடக்காமல், தஞ்சை அரண்மனைக்கு வந்து சேர்ந்தது. 1951-ல் அங்கே தோன்றிய கலைக்கூடத்துக்கு அதுவே அஸ்திவாரம்.

இந்தக் காரியத்தின் அருமையை உணர, அதற்கு முன் நடந்துவந்ததை அறிய வேண்டும். நிலத்தில் அகப்பட்ட விக்கிரகங்கள் 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி சர்க்கார் வசமாகும். தஞ்சை மண்ணின் செப்புத் திருமேனிகள் பல எழும்பூர் மியூசியத்துக்கு ரயிலேறின. ஜில்லாவின் கலையை ஜில்லாவிலேயே நிறுத்த முடியும் என்று காட்டியது தஞ்சைக் கலைக்கூடம். திருவெண்காட்டில் அந்தக் காலத்திலேயே கிடைத்த ரிஷபவாகன தேவர் இங்கே இருக்கிறார். 1011-ம் வருஷத்தைச் சேர்ந்த திருமேனி அது. உயரம் ஏறக்குறைய மூன்றரை அடி. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, ஒரு காலை மாற்றிச் சாய்ந்து, வலக்கையை ரிஷபத்தின் மேல் ஊன்றியபடி நிற்கிறார். ரிஷபம் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கை தொங்கும் வகையைக் கண்டால், அங்கே ஒரு காளை நிற்கிறது என்று சத்தியம் செய்யத் தோன்றும். பக்கத்தில் 1012-ம் வருஷத்து அம்மை. தாராசுரத்திலிருந்து வந்த கருங்கல் பிட்சாடனரும் ரிஷிபத்தினிகளும் மற்றொரு பக்கம்.

தெய்வத்தைக் கோயிலிலிருந்து பிரித்துக் கூடத்தில் நிறுத்துவது தகுமா என்ற ஆட்சேபம் இன்றும் உண்டு. விளக்கும் மேளமும் திருமஞ்சனமும் இல்லாமல் செப்புத் திருமேனி பாதி ஊமையாகிவிடுகிறது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கூடத்துக்கு வந்தவை பெரும்பாலும் பூஜையை இழந்து கிடந்தவை. அவ்வாறு கிடந்தவற்றுக்கு வேறு என்ன கதி நேரும் என்பதை அரியலூர் ஜில்லா ஸ்ரீபுரந்தான் காட்டியது. அங்கே பூட்டிக் கிடந்த சிவன் கோயிலிலிருந்து நடராஜர் களவு போய், ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விலைப்பட்டார். 2014-ல் அவர் திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் சாட்சியாயின. அந்தப் படங்களையும் அயல்நாட்டு விற்பனைப் பட்டியல்களையும் ஒப்பிட்டுத் துப்புத் துலக்குவதில், சம்பளம் வாங்காத சிற்ப ஆர்வலர்களும் தோள் கொடுத்தார்கள்.

வருவாய்த்துறையில் கலெக்டர் பதவி வரை உயர்ந்து ஓய்வு பெற்ற தொண்டைமான், அதன்பின் ஊர் ஊராகக் கோயில் பார்க்கலானார். வேங்கடம் முதல் குமரி வரை என்ற தலைப்பில் கல்கி வார இதழில் அவர் எழுதிய கட்டுரைகளைக் கையில் வைத்துக்கொண்டு யாத்திரை போன குடும்பங்கள் எத்தனையோ! அழகர்கோவிலும் அந்த வரிசையில் இடம்பெற்றது. வாசகனை வாயிலில் சந்தித்து, குளத்தைக் காட்டி, கோபுரத்தைக் காட்டி, ஒரு வேடிக்கைக் கதையும் சொல்லி, ஆழ்வார் பாடலை நினைவூட்டி, பிறகு தூணின் முன் நிறுத்துவது அவர் வழக்கம். ஸ்தல புராணமும் கல்வெட்டும் அவர் எழுத்தில் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கும். சரித்திர ஆராய்ச்சியாளருக்கு இது பிடிக்காது. சில இடங்களில் நமக்கும், காலத்தை இன்னும் கண்டிப்பாக நிர்ணயித்திருக்கலாமே என்று தோன்றுவது உண்டு. ஆனால் ஆராய்ச்சி நூலின் வாசகர்கள் ஆயிரம் பேர் என்றால் வார இதழின் வாசகர்கள் லட்சம் பேர். அந்த லட்சம் பேரிடம் நாயக்கர் காலத்து நரசிம்மரையும் ரதியையும், தேய்வு என்ற முன்தீர்ப்பு இல்லாமல், கண் கொண்டு பாருங்கள் என்று சொன்னவர் அவர். நாயக்கர் சிற்பத்தில் உள்ள வேகமும் நாடகமும் பல்லவர் சிற்பத்தின் அடக்கத்தோடு ஒப்பிடத் தக்கவை அல்ல. அவை வேறு ராகம். ஒரு ராகத்தின் இலக்கணத்தைக் கொண்டு மற்றொரு ராகத்தைப் பிழை என்பார் உண்டா?

குமரியை அடைந்த பின்னும் அவர் நிற்கவில்லை. வேங்கடத்துக்கு வடக்கே உள்ள ஸ்தலங்களைப் பற்றி, வேங்கடத்துக்கு அப்பால் என்று மேலும் ஒரு நூல் எழுதினார். 1965-ம் வருஷம் காலமானார்.